பட்டாணி நட்டுப் படம் எடுத்த பால்கே

விதை முளைப்பதை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா? செஞ்சி பக்கத்து வல்லத்தில் மல்லாட்டை விதைக்கிறவர்களைக் கேளுங்கள். நேற்று வெறும் மண். இன்று போனால் இரண்டு இலை. இடையில் நடந்தது யாருக்கும் தெரியாது. தெரியாத அந்தச் சங்கதியை 1912-ம் ஆண்டில் ஒருவர் திரையில் ஓடவிட்டார். அதைக் காட்டியே சினிமாப் படம் எடுக்கப் பணமும் திரட்டினார். அவர்தான் தாதா சாகேப் பால்கே.

இயற்பெயர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. நாசிக் அருகே உள்ள திரியம்பகத்தில் 1870-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி பிறந்தார். தகப்பனார் சமஸ்கிருத பண்டிதர். மகனுக்கோ சித்திரத்தில் மோகம். பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியிலும் பரோடா கலாபவனத்திலும் படித்தார். போட்டோ பிடித்தார். ஜாலவித்தை காட்டினார். ஜெர்மனிக்குப் போய் வர்ண அச்சு கற்று வந்தார். கூட்டாளிகளோடு ஒத்துவரவில்லை. நாற்பது வயதில் அச்சுத் தொழிலை உதறிவிட்டார்.

அந்தச் சமயத்தில் பம்பாய்க் கொட்டகை ஒன்றில் ஏசுநாதர் சரித்திரப் படம் பார்த்தார். நம்முடைய ராமனும் கிருஷ்ணனும் இப்படித் திரையில் நடமாட வேண்டும் என்ற வெறி பிடித்தது. ஓயாமல் படம் பார்த்ததில் கண் பார்வையே போயிற்று. வைத்தியம் செய்து மீண்டார். மீண்டதும் என்ன செய்தார்? ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்து லண்டனுக்குக் கப்பல் ஏறினார்! அங்கே ஹெப்வொர்த் என்பவரின் ஸ்டூடியோவில் தொழிலைப் பார்த்துக்கொண்டார். வில்லியம்சன் காமிரா ஒன்றும் வாங்கினார்.

காமிரா வந்தது. பணம்?

பணக்காரர்களுக்குச் சினிமா பார்க்கத் தெரியும். அதை நம்மவர் எடுக்க முடியும் என்று நம்பத் தெரியாது. லென்ஸ், பிலிம், ரசாயனம் என்று விளக்கிக்கொண்டிருந்தால் எந்த முதலாளி பெட்டியைத் திறப்பார்?

பால்கே வாயைத் திறக்கவில்லை. ஒரு தொட்டியில் பட்டாணியை நட்டார். எதிரே காமிராவை நிறுத்தினார். செடி வளர வளர, கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்தார். ஒரு மாத காலம் இதே வேலை. ஊமைப் படத்தில் வினாடிக்குச் சுமார் 16 படங்கள் ஓடும். ஒரு நிமிஷம் ஓட ஏறக்குறைய ஆயிரம் படங்கள் வேண்டும். நடுவில் தொட்டி ஓர் அங்குலம் நகர்ந்தால் போதும், திரையில் செடி தவளை போலத் தாவும்!

படம் தயாரானதும் தெரிந்தவர்களை அழைத்துப் போட்டுக் காட்டினார். விதை வெடித்தது. முளை எழுந்தது. கொடி ஏறியது. எல்லாம் ஒரு நிமிஷச் சொச்சத்தில்! யஷ்வந்தராவ் நாட்கர்ணி முதலியோர் கடன் கொடுக்க முன்வந்தார்கள். போதாததற்கு மனைவி சரஸ்வதி பாய் நகைகளைக் கொடுத்தார். நகையோடு நின்றாரா அந்த அம்மாள்? பிலிமின் ஓரத்தில் துளை போட்டார். ரசாயனம் கலந்தார். படக் குழுவினர் அத்தனை பேருக்கும் சமைத்தும் போட்டார். பால்கேயைப் பாராட்டுகிறவர்கள் இவரை மறந்துவிடுவது நியாயமில்லை.

1913-ம் ஆண்டு மே 3-ந் தேதி, பம்பாய் காரனேஷன் கொட்டகையில் "ராஜா ஹரிச்சந்திரா" வெளிவந்தது. அரிச்சந்திரன் மனைவியாக நடிக்கப் பெண்கள் யாரும் கிடைக்கவில்லை. ஓட்டலில் வேலை பார்த்த சாளுங்கே என்ற ஆண்பிள்ளைக்குச் சேலை கட்டிவிட்டார்கள்!

பட்டாணி யுக்தியைப் பால்கே விடவில்லை. 1915-ல் தீக்குச்சிகளை ஆடவிட்டு ஒரு படம் எடுத்தார். குச்சியைச் சற்று நகர்த்துவது, ஒரு படம் பிடிப்பது. மறுபடி நகர்த்துவது, மறுபடி பிடிப்பது. 1917-ல் சினிமா எப்படித் தயாராகிறது என்பதையே படமாக்கி, அதில் தாமே தோன்றினார். பம்ப்செட் எப்படி ஓடுகிறது என்று இன்று கம்பெனிகள் கார்ட்டூன் படம் காட்டுகின்றனவே, அதற்கு இவர் முன்னோடி. இன்று கம்ப்யூட்டர் வந்துவிட்டது. படத்துக்குப் படம் சிறிது நகர்த்தும் வித்தை மட்டும் மாறவில்லை.

பேசும் படம் வந்தது. பால்கேயின் காலம் முடிந்தது. 1937-ல் வந்த "கங்காவதரண்" ஒன்றுதான் அவர் எடுத்த பேசும் படம். 1944-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி நாசிக்கில் காலமானார். கடைசி நாட்களில் பட உலகம் அவரை எட்டிப் பார்க்கவில்லை. அவர் பெயரால் மத்திய அரசு விருது ஏற்படுத்தியது 1969-ல். 1996-ம் ஆண்டுக்கான அந்த விருதைப் பெற்றவர் நம் சிவாஜி கணேசன்.