கதிரவனைக் கணக்கெடுத்த ஷ்வாபே

தேடிய பொருள் கிட்டாமற் போயினும், தேடாத பெரும்பேறு வாய்த்த வாழ்வுகள் சில உண்டு. ஜெர்மானிய வானியலறிஞர் ஹைன்ரிக் ஷ்வாபேயின் வாழ்வு அத்தகையது எனலாம்.

1789-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25-ஆம் நாள் தெசாவு நகரில் அவர் பிறந்தார். பெர்லினில் பயின்று, குடும்பத்தாரின் மருந்துக் கடையை ஏற்று நடத்தினார். வானியல் அவர்க்குத் தொழிலன்று, உள்ளத்து வேட்கை. அவ்வேட்கை பெருகவே, 1829-இல் கடையை விற்றுவிட்டு ஆய்விலேயே மூழ்கினார்.

புதனுக்கும் உள்ளே, கதிரவனுக்கு மிக அண்மையில், அறியப்படாத கோள் ஒன்று சுற்றிவரக்கூடும் என அவர் எண்ணினார். கதிரவன் முகத்தைக் கடக்கும்போது அது கரும்புள்ளியாய்த் தோன்றுமன்றோ? ஆனால், கதிரவனில் இயல்பாகவே கரும்புள்ளிகள் உண்டு. கோள் எது, புள்ளி எது எனப் பிரித்தறிய வேண்டுமாயின், அனைத்தையும் நாள்தோறும் குறித்துவைத்தல் வேண்டும். 1826-இல் அப்பணியைத் தொடங்கினார்.

கோள் வரவில்லை. ஆயின், குறிப்பேடுகள் வேறொன்றைப் பேசத் தொடங்கின. 1828-இல் 225 புள்ளித் தொகுதிகளை எண்ணியவர், 1833-இல் 33 மட்டுமே கண்டார். 1837-இல் அவை 333 ஆகப் பெருகின. 1843-இல் மீண்டும் 34 ஆகக் குறைந்தன. இது மெய்யான ஒழுங்கா, எண்கள் விளைக்கும் மயக்கமா? ஓர் ஏற்றத்தைக் கண்டதும் அவர் விதி வகுத்துவிடவில்லை. பதினெட்டாண்டுக் கணக்கைக் கையில் கொண்ட பின்னரே, ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை இந்நிலை மீள்கிறது என 1843-இன் இறுதியில் எழுதினார்.

அன்று அதனைப் பொருட்படுத்தினோர் சிலரே. 1851-இல் ஹும்போல்ட் தம் 'காஸ்மாஸ்' நூலின் மூன்றாம் தொகுதியில் அவ்வட்டவணையை வெளியிட்ட பிறகே அறிஞருலகம் திரும்பிப் பார்த்தது. ருடால்ஃப் வுல்ஃப் பழைய பதிவுகளையும் ஆராய்ந்து, அச்சுழற்சி சராசரியாகப் பதினோராண்டு எனத் திருத்தினார். 1857-இல் இலண்டன் அரச வானியல் கழகம் ஷ்வாபேக்குப் பொற்பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது.

1859 செப்டம்பர் 1-ஆம் நாள் ஆங்கிலேயர் கேரிங்டன், புள்ளிக் கூட்டமொன்றின் மேல் திடீரென எழுந்த பேரொளியைக் கண்டார். கதிரவச் சுடர்வெடிப்பு என நாம் இன்று வழங்குவது அதுவே. புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் இவ்வெடிப்புகளும் மிகும். 1969-இல், ஒரு வெடிப்பின் நுண்ணலைகளிலும் எக்ஸ் கதிர்களிலும் 16 நொடிக்கு ஒருமுறை மீளும் துடிப்பு பதிவாகியிருப்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். அத்தகைய துடிப்புகளைக் கணிப்பொறி கொண்டு தேடுவோர் முன்னும் ஷ்வாபேயின் பழைய வினாவே நிற்கிறது: மெய்யான ஒழுங்கா, மயக்கமா?

நெடுங்காலம் எண்ணுதலை நிறுத்தாத அவர், 1875 ஏப்ரல் 11-ஆம் நாள் தம் 85-ஆம் அகவையில் மறைந்தார். அவர் தேடிய கோள் இல்லை என்பதை நாம் இன்று அறிவோம். ஆயினும் அவருடைய குறிப்பேடுகள் வீண்போகவில்லை. பயன் தெரியாத நாளிலும் பிழையின்றிக் குறித்துவைத்த கையே, பின்னர்ப் பயனைக் கண்டது. நம் மாணவர்கள் அவர்பால் கற்கத்தக்க பாடமும் இதுவேயாம்.