6 அடி 5 அங்குலம், 31 வயதில் மரணம்: வாலிபால் நட்சத்திரம் ஃப்ளோ ஹைமனுக்கு என்ன ஆச்சு?

1986 ஜனவரி 24. ஜப்பானின் மட்சுயே நகரில் ஒரு வாலிபால் லீக் மேட்ச். மாற்று வீராங்கனை உள்ளே போனதும், ஃப்ளோ ஹைமன் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். டீமை உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தவர் திடீரெனச் சரிந்து விழுந்தார். அன்றைக்கே உயிர் போய்விட்டது.

யார் இவர்? 1954-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். 12 வயசிலேயே ஆறடி உயரம்! அந்த உயரத்துக்காகச் சின்ன வயசில் கூச்சப்பட்டவரை, அதே உயரம்தான் உலகின் சிறந்த ஸ்பைக்கர்களில் ஒருவராக்கியது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உதவித்தொகை பெற்ற முதல் பெண் இவர்தான். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்ததால் காத்திருந்து, 1984 லாஸ் ஏஞ்சலீஸில் வெள்ளி வென்றார். பிறகு ஜப்பான் போய் டயேய் அணிக்காக ஆடினார்.

முதலில் மாரடைப்பு என்றுதான் சொன்னார்கள். குடும்பத்துக்கு நம்பிக்கை வரவில்லை. உடற்கூறாய்வு செய்யச் சொன்னார்கள். இதயம் நன்றாகவே இருந்தது. கிழிந்திருந்தது, அதிலிருந்து கிளம்பும் பெருந்தமனி. காரணம், மார்ஃபன் சிண்ட்ரோம்.

சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு வரும் மரபணுக் கோளாறு இது. உடலைத் தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசுவில் ஃபைப்ரிலின் என்ற புரதம் சரியாக இருக்காது. ஒல்லியான, நெடுநெடு உடம்பு, நீளமான கைகள், விரல்கள் எல்லாம் வெளியே தெரியும் அடையாளங்கள். விளையாட்டுக்குத் தோதான உடம்பு என்று நாம் பாராட்டிவிட்டுப் போய்விடுவோம், அதுதான் சிக்கலே. சிலருக்குக் கண் லென்ஸ் இடம் விலகும், முதுகெலும்பு வளையும். பெரிய ஆபத்து உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு இதயத் துடிப்பின் அழுத்தத்தையும் வாங்கும் பெருந்தமனியின் சுவர், வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போகும். பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. ஒருநாள் உட்சுவர் கிழிந்து, சுவரின் அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் புகுந்துவிடும்.

எக்கோ ஸ்கேனில் இந்த விரிவை அளந்துவிடலாம். அழுத்தத்தைக் குறைக்க பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் உண்டு. ரொம்ப விரிந்துவிட்டால், கிழிவதற்கு முன்பே அந்தப் பகுதியை வெட்டி எடுத்துச் செயற்கைக் குழாய் பொருத்துகிறார்கள்.

ஹைமனுக்கு உயிரோடு இருந்தவரை இந்த நோய் கண்டுபிடிக்கப்படவே இல்லை. இத்தனைக்கும், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே தமனியில் ஒரு கிழிசல் விழுந்து, ஆறத் தொடங்கியிருந்த தடயம் ஆய்வில் தெரிந்தது. அதோடுதான் மேட்ச் ஆடியிருக்கிறார்.

ரிசல்ட்டைப் பார்த்து அவருடைய தம்பியும் டெஸ்ட் எடுத்துக்கொண்டார். அவருக்கும் அதே நோய். தமனி கிழிவதற்குள் ஆபரேஷன் செய்து அவரைக் காப்பாற்றிவிட்டார்கள்.