காற்றில் வந்த எதிரியைக் கண்டவர்



சங்க மலருக்கு ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தபோது, நம்மில் பலர் கேள்விப்படாத ஒருவரையே தேர்ந்தெடுத்தேன். அவர் பெயர் கரம் சந்த் மேத்தா. நான் மெக்கானிக்கல் படிப்பவன். கோதுமையை ஹாஸ்டல் சப்பாத்தியாகத்தான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் கோதுமை நோயை ஆராய்ந்தவரைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்றால், அதற்குக் காரணம் எங்கள் நெல் வயல்.

எங்க ஊர் திருக்காட்டுப்பள்ளி. மூன்று வருஷத்துக்கு முன் மார்கழிப் பனியில், குத்தகைக்கு எடுத்திருந்த எங்கள் சம்பாப் பயிரைக் குலைநோய் தாக்கியது. கதிரின் கழுத்து கருத்து, பால் பிடிக்காமல், பதராக நின்றது. மேல் வரப்புக்காரர் வயலிலிருந்துதான் நோய் வந்தது என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் எனக்குச் சித்தப்பா முறை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று போனது. நோய் உண்மையில் எங்கேயிருந்துதான் வருகிறது என்ற கேள்வி என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அதைத் தேடி நூலகத்துக்குப் போன இடத்தில்தான் மேத்தாவைக் கண்டேன்.

1892-ல் பிறந்த மேத்தா, ஆக்ரா கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சென்று கோதுமைத் துருநோயை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். திரும்பி வந்து, வாழ்நாள் முழுவதும் அந்த ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்.

துருநோய் என்பது ஒரு பூஞ்சணம். இரும்பில் துரு பிடித்த மாதிரி இலையிலும் தண்டிலும் பொடி பொடியாகக் கிளம்பும். அந்தப் பொடிதான் ஸ்போர் எனப்படும் பூஞ்சண வித்து. கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. ஒரு கொப்புளத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும். காற்றடித்தால் கிளம்பிவிடும். கருந்துரு, பழுப்புத்துரு, மஞ்சள்துரு என்று இதில் மூன்று வகை.

வடநாட்டுச் சமவெளியில் கோதுமை பங்குனி, சித்திரையில் அறுவடையாகிவிடும். அடுத்த விதைப்பு ஐப்பசி வாக்கில்தான். நடுவில் அக்கினி வெயில். பச்சைக் கோதுமைச் செடி ஒன்றுகூட இருக்காது. இந்தப் பூஞ்சணமோ உயிருள்ள செடியில்தான் வளரும். அப்படியானால் ஒவ்வொரு வருஷமும் புதிதாக நோய் எப்படி வருகிறது? இதுதான் மேத்தாவின் கேள்வி.

மேலைநாடுகளில் இதற்கு ஒரு விடை இருந்தது. பார்பெரி என்ற முட்செடியில் கருந்துரு தன் வாழ்க்கையின் ஒரு பகுதியைக் கழிக்கிறது. அதனால் அமெரிக்காவில் 1918 முதல் அந்தச் செடியை வேரோடு பிடுங்கினார்கள். இங்கேயும் இமயமலையில் பார்பெரி உண்டு. அங்குள்ள விடையை அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கலாம். மேத்தா அப்படிச் செய்யவில்லை. சோதித்துப் பார்த்தார். நம் நாட்டில் நோய் திரும்பத் திரும்ப வருவதற்குப் பார்பெரி காரணம் இல்லை என்று கண்டார்.

பசை தடவிய கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து, அதில் வந்து ஒட்டும் வித்துக்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணினார்கள். சமவெளியில் கோடை வெயில் வித்துக்களைக் கொன்றுவிடுவது தெரிந்தது. ஆனால் மலையில்? அங்கே குளிர்ச்சி. கோதுமை பருவம் தவறியும் விளையும். சிந்திய மணியிலிருந்து தானாக முளைத்த செடிகளும் நிற்கும். அந்தச் செடிகளில் பூஞ்சணம் கோடையைக் கழித்துவிட்டு, விதைப்புக்குப் பிறகு காற்றேறிக் கீழே இறங்குகிறது. 1930 முதல் அரசு வேளாண் ஆராய்ச்சிக் குழுவின் உதவி கிடைத்தது. சிம்லாவில் ஆய்வுக்கூடம் அமைந்தது. 1940-ல் தன் முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

நண்பர்களே, நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். வடக்கே இமயமலை போலவே, தெற்கே நோய்க்கு இருப்பிடம் என்று அவர் காட்டியவை நம்முடைய நீலகிரியும் பழனிமலையும்தான்! 1970-களில் மற்ற விஞ்ஞானிகள் இதை மேலும் ஆராய்ந்தார்கள். வங்கக் கடலில் உருவாகும் கார்த்திகைப் புயல்கள், நீலகிரி வித்துக்களை மத்திய இந்தியா வரை கொண்டுபோய் மழையோடு இறக்குகின்றன என்று நிரூபித்தார்கள். நம்ம சம்பாவை மூழ்கடிக்கும் அதே புயல், அங்கே கோதுமைக்கு நோயைச் சுமந்து போகிறது.

மலையில் தானாக முளைக்கும் செடிகளை அழிப்பது, நோய் தாங்கும் ரகங்களைப் பயிரிடுவது ஆகியவை மேத்தா காட்டிய வழிகள். 1950-ல் அவர் மறைந்தார். சிம்லா நிலையம் இன்றும் துருநோயை ஆராய்ந்து வருகிறது.

நெல் குலைநோயும் காற்றில் பரவும் பூஞ்சணம்தான். 1919-லேயே நம் தஞ்சை டெல்டாவைப் பெரிய அளவில் தாக்கியிருக்கிறது. ஆனால் துருநோய் மாதிரி இதற்கு மலை வேண்டாம். பழைய வைக்கோல், தாள், விதைநெல், வரப்புப் புல் எல்லாவற்றிலும் தங்கும். பனியில் இலை நனைந்திருந்தால் முளைத்துவிடும். யூரியா அதிகமானால் இன்னும் வேகமாகப் பிடிக்கும். அந்த வருஷம் நாங்கள் யூரியாவைக் கூடுதலாகத்தான் போட்டிருந்தோம்.

இதையெல்லாம் விடுமுறையில் அப்பாவிடம் சொன்னேன். பள்ளிக்கூடம் பார்க்காதவர். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அப்படியென்றால் நம் வயலிலிருந்தும் அவன் வயலுக்குப் போயிருக்கும்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். சித்தப்பா வீட்டோடு இன்னும் முழுசாகப் பேச்சு வரவில்லை. ஆனால் இந்த வருஷம் விதை நேர்த்தி மருந்து வாங்கும்போது, அவருக்கும் சேர்த்து வாங்கி வந்து என் கையில் கொடுத்து அனுப்பினார்.

யாரோ சொன்ன விடையை நம்பாமல், தானே தகடு வைத்துப் பார்த்தவர் மேத்தா. ஒர்க்‌ஷாப்பில் பக்கத்து மாணவனின் ரீடிங்கைப் பார்த்து எழுதும் நமக்கு (நானும் எழுதியிருக்கிறேன்) அவர் வாழ்க்கை ஒரு பாடம். அளந்து பார்ப்போம், பிறகு பேசுவோம்!



– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்