மேடையை நடுங்க வைத்த எமதருமன்
நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் கதை

நைனார்பாளையம், சின்னசேலம் பக்கத்து ஊர்களில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். இருவர் திரையைப் பிடித்திருப்பார்கள். அதன் பின்னால் சலங்கை ஒலிக்கும். திரை விலகும். இரணியன் நிற்பான்! தான் யார், தன் பலம் என்ன என்று அவன் ஒருவனே பாடிப் பேசுவான். அந்தச் சில நிமிடங்களில் கூட்டத்தைக் கட்டிப் போட்டால்தான் அவன் நடிகன்.

மேடை நாடகத்தில் இந்தக் கலையில் சூரராக இருந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். 24-வது வயதில், 1891-ல், வேலையை விட்டு நாடகத்தில் சேர்ந்தார்.

எமன் வந்தான்!

இரணியன், இராவணன், சனீசுவரன், எமதருமன். இவைதான் அவருடைய வேடங்கள். அந்தக் காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் இருக்கும் கிழவிக்கும் கேட்கும்படி தொண்டையால்தான் பேச வேண்டும். கத்தினால் சொல் சிதையும். மூச்சை அடக்கிப் பேசினால் சொல் போய்ச் சேரும். அது லேசான வித்தையா?

சாவித்திரி நாடகத்தில் ஒருநாள் அவர் எமனாக ஆர்ப்பரித்து மேடைக்கு வந்தார். சபையில் இருந்த ஒரு கர்ப்பிணிக்கு அந்த அதிர்ச்சியில் கரு கலைந்துவிட்டதாம்! இன்னொரு முறை, சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்க்கரைக்குப் போனார். எதிரே வந்த பெண் அவரைக் கண்டு பயந்து உயிரை விட்டாளாம். நாடக உலகில் இன்றும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

சுவாமிகள் மனம் உடைந்தார். வேடம் போடுவதையே நிறுத்திவிட்டார். துறவி போல் ஊர் ஊராகத் திரிந்தார். புதுக்கோட்டையில் கஞ்சிரா வித்துவான் மான்பூண்டியா பிள்ளை அவரை மகன் போல ஆதரித்தார். மறுபடி நாடகம் அவரை இழுத்தது. ஆனால் இந்த முறை ஆசிரியராக!

சிறுவர் படை

அந்த நாளில் பல நடிகர்கள் மேடையில் நினைத்ததைப் பேசினார்கள். ஆபாசமும் கலந்தது. சுவாமிகள் வசனத்தையும் பாட்டையும் எழுதிக் கொடுத்தார். குறளையும் நாலடியாரையும் வசனத்தில் சேர்த்தார். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி எல்லாம் அவர் எழுதியவை.

பெரியவர்கள் கட்டுப்பாட்டுக்கு அடங்கவில்லை. 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்தே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதில் சேர்ந்த ஆறு வயதுப் பையன் டி.கே. சண்முகம். அவனுக்காக ஒரே இரவில் அபிமன்யு சுந்தரி நாடகத்தை எழுதி முடித்தார். சபையைத் தனியாக எதிர்கொள்ளும் துணிச்சல் அந்தப் பையனுக்கு அங்கேதான் வந்தது. பின்னாளில் அவன் கிழவி வேடத்தில் ஒளவையாராகவே வாழ்ந்து காட்டி, ஒளவை சண்முகம் என்று பேர் வாங்கினான்.

பேச்சு நின்றது

கடைசிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் விழுந்தது. எமனாகக் கர்ஜித்த வாய் பேச்சை இழந்தது. ஆனாலும் குழுவை விட்டுப் பிரியவில்லை. தாம் எழுதிய வசனத்தைப் பிள்ளைகள் பேச, அவர் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

1922 நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் அங்கே போய் மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள்.