பிரமகுப்தர்

பொருள் உடையவன் செல்வன். கடன் பட்டவன் வறியன். இரண்டும் இல்லாதவன் கையில் இருப்பது பூச்சியம். உலகியலில் யாவரும் அறிந்த இம்மூன்று நிலைகளையும் கணக்கினுள் கொணர்ந்து, அவற்றைப் பெருக்குதற்கும் விதி வகுத்த பேரறிஞர் பிரமகுப்தர் ஆவார்.

அவர் கி.பி. 598-ஆம் ஆண்டில் ஜிஷ்ணு என்பாருக்கு மைந்தராகத் தோன்றினார். இராசத்தானத்தின் தென்மேற்கில் உள்ள பின்மால் என்னும் ஊர் அந்நாளில் பில்லமாலம் என வழங்கிற்று. அவ்வூர் ஆசிரியர் என்றே பிற்கால உரையாசிரியர் அவரைச் சுட்டுவர். சாப மரபினனாகிய வியாக்கிரமுகன் அரசு புரிந்த காலத்தில், 628-ஆம் ஆண்டில், தம் முப்பதாம் வயதில் அவர் பிரமஸ்புட சித்தாந்தம் என்னும் வடமொழி நூலை இயற்றினார். அது செய்யுளால் ஆகிய வானநூல். கோள்களின் இயக்கத்தை அளத்தற்குக் கணிதம் வேண்டுமாதலின், அதற்கெனவும் சில அதிகாரங்களை அதனுள் அமைத்தார்.

பெருக்கற்கு அவர் கூறிய முறைகளுள் ஒன்று கோமூத்திரிகை. தமிழில் சித்திரகவி பயின்றோர் கோமூத்திரி என்னும் பெயரைக் கேட்டிருப்பர். நடந்து செல்லும் பசுவின் நீர் நிலத்தில் வளைந்து வளைந்து விழும் தோற்றமே இரண்டிற்கும் பெயர் தந்தது. 23-ஐ 14-ஆல் பெருக்க வேண்டின், 23-ஐ இருமுறை எழுதி, பத்தின் இடத்து 1-ஆல் ஒன்றையும், ஒன்றின் இடத்து 4-ஆல் மற்றொன்றையும் பெருக்கி, 230-ஐயும் 92-ஐயும் கூட்டி 322 எனக் காண்க. இன்று பள்ளியில் நாம் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

இதனினும் அரியது பதினெட்டாம் அதிகாரம். மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் அவர் வழங்குகிறார். செல்வத்தைக் கடனால் பெருக்கக் கடன் வருதல் எளிதில் விளங்கும். கடனைக் கடனால் பெருக்கச் செல்வம் வரும் என்பதே மாணவர் மருளும் இடம். நாள்தோறும் மூன்று பணம் கடன் ஏறும் ஒருவனை எண்ணிப் பாருங்கள். இன்றைய நிலையை நோக்க, நான்கு நாள்களுக்கு முன்னர் அவன் பன்னிரண்டு பணம் மிகுதியாக உடையவனாய் இருந்தான் அன்றோ? பின்னோக்கி எண்ணிய நாளும் குறை, ஏறிய கடனும் குறை, பெருக்கமோ மிகை.

இவ்விதியின் பயன் இருபடிச் சமன்பாட்டில் புலனாகும். ஓர் எண்ணின் வர்க்கத்தினின்று அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கழிக்க, கடன் 9 எஞ்சுமாயின், அவ்வெண் யாது? பிரமகுப்தர் வழிப்படி, கடன் 9-ஐ நான்கால் பெருக்கக் கடன் 36. கடன் 10-ஐ அதனாலேயே பெருக்கச் செல்வம் 100. இரண்டையும் கூட்ட 64; அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து கடன் 10-ஐ நீக்குக. கடனை நீக்குதல் செல்வத்தைக் கூட்டுதலே யாதலின் 18 வரும். அதிற் பாதி 9. அதுவே விடை. 1 என்பதும் விடையாதலை மாணவர் தாமே கண்டு கொள்க. கடனுக்கும் எண்களுள் இடம் தந்தமையால் அவருக்கு ஒரு விதியே போதியதாயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிசுமியோ, குறை எண்ணை ஏலாமையால், சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்துக் கூற நேர்ந்தது.

பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கப் பூச்சியமே வரும் என்று பிரமகுப்தர் கொண்டது மட்டும் பொருந்தாது. எவ்வெண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினும் பூச்சியமே வருதலின், அவ்வகுத்தலுக்கு இன்னதே விடை எனத் துணிதல் இயலாது.

பிறர் பிழை என்று தாம் கருதியதை அவர் பொறுத்தவர் அல்லர். பூமி தன்னைத்தானே சுழல்கின்றது என்ற ஆரியபடரை முதல் நூலில் கடுமையாகவே மறுத்தார். அதில் ஆரியபடர் கொள்கையே உண்மை. எனினும், 665-ஆம் ஆண்டில், தம் அறுபத்தேழாம் வயதில், கண்டகாத்தியகம் என்னும் நூலை இயற்றியபோது, அந்த ஆரியபடரின் கணக்கு முறையையே அதற்கு அடிப்படையாகக் கொண்டார்.