சிரிக்க வைத்த ஆசான்

சிரிப்பு, மாந்தர்க்கு மட்டுமே வாய்த்த செல்வம் என்பர். அச்செல்வத்தை ஊருக்கெல்லாம் வாரி வழங்கிய வள்ளல் ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். அவர்தாம் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

என் ஊர் நாராயணவனம். வீட்டிலே தமிழ், வீதியிலே தெலுங்கு, பள்ளியிலும் தெலுங்கே. தமிழ் எழுத்தைப் பாட்டி கற்பித்தார். தமிழ்ப் பேச்சின் சுவையைக் கற்பித்தவை கலைவாணரின் பழைய படங்களே. ஆதலின் அவர் எனக்கு நடிகர் மட்டுமல்லர், ஆசானும் ஆவார்.

1908-ஆம் ஆண்டு நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். வறுமை படிப்பை இளமையிலேயே நிறுத்திற்று. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன், பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் நடிகனானான். 1936-இல் 'சதி லீலாவதி' வெளிவந்தது. தமக்குரிய நகைச்சுவைப் பகுதியைத் தாமே அமைத்துக்கொள்ளும் வழக்கம் அவருடையது. பிறர் எழுதியதை ஒப்பிப்பதோடு அவர் நின்றாரில்லை. டி. ஏ. மதுரம் அம்மையார் அவருக்கு வாழ்விலும் கலையிலும் துணையானார்.

புகழின் உச்சியிலே இடி விழுந்தது. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944-இல் கைதானார். மறு ஆண்டு ஆயுள் தண்டனை பெற்றார். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பிய வழக்கில், 1947-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்தன. வேறொருவராயின் உலகையே வெறுத்திருப்பார். கலைவாணரோ மீண்டும் சிரிக்க வைக்கவே வந்தார்!

அச்சிரிப்பில் கசப்பில்லை, ஆனால் கருத்திருந்தது. 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் கிந்தனார் கதையைக் காலட்சேபமாக நிகழ்த்தினார். கல்வி மறுக்கப்பட்ட சிறுவன் பட்டணம் சென்று படித்து, கல்வி அதிகாரியாக ஊர் திரும்பும் கதை அது. சிரித்துக்கொண்டே கேட்டவன், வீட்டுக்குத் திரும்புகையில் தன் சாதிச் செருக்கை எண்ணி வெட்கியிருப்பான். நெல்லைச் சீமையிலிருந்து சுப்பு ஆறுமுகம் என்னும் இளைஞரைச் சென்னைக்கு அழைத்து வந்து ஆதரித்தவரும் இவரே. அவ்விளைஞர் பிற்காலத்தில் வில்லிசை வேந்தராய் விளங்கினார்.

நினைத்த நொடியில் நகைச்சுவை பிறக்கும் நாவு அவருடையது. 1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவுக்காகப் பேச வந்தவர், எதிர்த்து நின்ற மருத்துவரையே புகழ்ந்து தள்ளினாராம். கூட்டம் திகைத்ததாம். இத்தகைய நல்ல மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் உங்கள் நோயை யார் தீர்ப்பார் என்று முடித்தாராம்! இன்றும் பலர் சொல்லி மகிழும் செய்தி இது. அண்ணா வென்றார்.

திருவிதாங்கூர் ஆட்சியில் பிறந்த கலைவாணர், 1956 நவம்பர் 1-இல் தம் ஊர் தமிழ்நாட்டோடு இணைந்ததைக் கண்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 30-இல் மறைந்தார். ஈட்டியதையெல்லாம் ஈந்தவர், தமக்கென வைத்துக்கொண்டது சிறிதே.

எங்கள் ஊர் எல்லைக்கு இப்பால் நின்றுவிட்டது. அதனால் என்ன? எல்லைக் கற்கள் சிரிப்பைத் தடுப்பதில்லை. தோழர்களே, நம் மன்ற மேடையில் பிறரை நகையாடிக் கைதட்டல் பெறுவது எளிது. நகைத்தவன் தன்னையே திருத்திக்கொள்ளுமாறு பேசுவது அரிது. அவ்வரிய கலையைக் கலைவாணரிடம் கற்போம்.