பொற்கூண்டின் கதவைத் தட்டியவர்

மருத்துவ மேதைகளின் வரலாற்றைப் படித்தால், பெரும்பாலும் அதில் ஒரு மருந்தோ ஒரு கருவியோ வந்து நிற்கும். ஹில்டே புரூக் அம்மையாரின் வரலாற்றில் அப்படி எதுவும் இல்லை. வீட்டில் எல்லாம் இருந்தும் உண்ண மறுத்து எலும்பும் தோலுமாய்ப் போன பெண்களின் எதிரே அமர்ந்து, அவர்கள் பேசுவதை ஆண்டுக்கணக்காகக் கேட்டவர் அவர். ஊரார் அடம் என்றும் செல்லம் மிஞ்சியதால் வந்த வினை என்றும் ஏசியதற்குள் எத்தனை பெரிய துயரம் அடங்கியிருந்தது என்பதை உலகம் அறிந்துகொண்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதியில், ஹாலந்து எல்லைக்கு அருகேயுள்ள ட்யூல்கன் என்னும் சிற்றூரில், 1904ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் ஒரு யூதக் குடும்பத்தில் அம்மையார் பிறந்தார். தந்தை மாட்டு வணிகர். வீட்டில் பிள்ளைகள் பலர். சிறுமி ஹில்டேவுக்குக் கணிதத்தின் மீதே ஆசை. ஆனால் யூதப் பெண் ஒருத்திக்குக் கணித ஆசிரியர் பதவி எளிதில் கிடைக்காது, மருத்துவம் படித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று உறவினர் ஒருவர் அறிவுரை கூறினார். அந்த அறிவுரையை ஏற்று ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் பயின்று 1929இல் மருத்துவப் பட்டம் பெற்றார். கீல், லைப்சிக் நகரங்களில் மேற்பயிற்சி பெற்றுக் குழந்தை மருத்துவரானார்.

அந்த வாழ்வு நிலைக்கவில்லை. யூதர் மீதான வெறுப்பு பல்கலைக்கழகத்துக்குள்ளும் புகுந்தது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில மாதங்களுக்குள் அம்மையார் நாட்டைவிட்டு வெளியேறி லண்டன் சேர்ந்தார். அங்கே ஓராண்டு, கிழக்கு லண்டனின் ஏழை மக்களுக்கான மகப்பேறு மருத்துவமனையில் பணி. 1934இல் கப்பலேறி நியூயார்க் சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தார். பின்னாளில், நாஜிகளின் கொடுமையில் பெற்றோரை இழந்த தம் உறவுச் சிறுவன் ஒருவனை வளர்த்து ஆளாக்கினார். அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை.

நியூயார்க்கில் அவர் கண்ணில் பட்டது மிகப் பருத்த குழந்தைகள். அக்காலத்து மருத்துவர்கள் இதற்கு ஒரு விடையைத் தயாராக வைத்திருந்தனர். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி கெட்டுவிட்டால் சிலருக்கு உடல் பருத்து வளர்ச்சி தடைப்படும் என்பதை 1901இல் ஃப்ரோலிக் என்ற வியன்னா மருத்துவர் விவரித்திருந்தார். அதுமுதல் எந்தக் குண்டுப் பிள்ளை வந்தாலும் சுரப்பிக் கோளாறு என்று எழுதிச் சுரப்பிச் சாற்று ஊசி போடுவது வழக்கமாகிவிட்டது. அம்மையார் 1937 முதல் இக்குழந்தைகளை ஒவ்வொருவராக அளந்து பார்த்தார். சுரப்பி கெட்டிருந்தால் அவர்கள் குள்ளமாக அல்லவா இருக்க வேண்டும்? பெரும்பாலோர் வயதுக்கு மீறிய உயரமாய் இருந்தனர். பருவமும் உரிய காலத்தில், சிலருக்கு முன்னதாகவே, வந்தது. கணிதம் படிக்க விரும்பியவர் என்பது இந்த இடத்தில் தெரிகிறது.

சுரப்பி அன்று என்றால் வேறென்ன? அதைக் காணக் குடும்பங்களை ஆராய்ந்தார். பல வீடுகளில் உணவு பசிக்காக மட்டும் தரப்படவில்லை. குழந்தை அழுதாலும் ஊட்டினார்கள், பயந்தாலும் ஊட்டினார்கள், வெளியே ஓடி விளையாட விடாமல் காப்பதற்கும் ஊட்டினார்கள். தட்டில் இருந்தது சோறு மட்டும் அன்று. தாயின் கவலையும் அதில் கலந்திருந்தது. உடலை மட்டும் பார்த்தால் போதாது என்று உணர்ந்த அம்மையார், 1941இல், ஏறக்குறைய நாற்பது வயதை நெருங்கும்போது, பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உளநோய் மருத்துவ மாணவியாகப் போய் அமர்ந்தார். அவரைப் போலவே ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் அம்மையார் அவருக்கு ஆசிரியையாக அமைந்தார். 1943இல் நியூயார்க் திரும்பினார். 1952இல் பெற்றோருக்காக ஒரு நூல் எழுதினார். நிபுணர்களின் அறிவுரைகளைக் கேட்டுக் கேட்டு, தம் பிள்ளையைக் கண்டே நடுங்கும் நிலைக்கு வந்துவிட்ட தாய்மாருக்குத் தைரியம் சொல்லும் நூல் அது.

இனி, அவர் பெயரை நிலைநாட்டிய ஆய்வுக்கு வருவோம்.

வேண்டுமென்றே பட்டினி கிடந்து உடல் இளைக்கும் நோய்க்கு லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1874இல் அனோரெக்சியா நெர்வோசா என்று பெயரிட்டார். மனத்தளர்ச்சியால் பசியற்றுப் போதல் என்பது பொருள். அந்தப் பெயரே பொருந்தாது என்பது அம்மையாரின் முடிவு. இப்பெண்களுக்குப் பசி போய்விடவில்லை. நாளெல்லாம் அவர்கள் நினைப்பு உணவைப் பற்றியே. மற்றவர்களுக்கு விதவிதமாய்ச் சமைத்துப் போட்டுவிட்டுத் தாம் தொடாதிருந்தவர்களும் உண்டு.

1962இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் மூன்று அடையாளங்களைக் காட்டினார். எலும்பு தெரிய மெலிந்த பின்னும் கண்ணாடியில் தன்னைப் பருத்தவளாகக் காண்பது முதலாவது. பசி, களைப்பு, கோபம் எது என்று தன் உடலுக்குள்ளிருந்து வரும் செய்தியையே இனம் காண முடியாதிருப்பது அடுத்தது. மூன்றாவதையே அவர் வேராகக் கருதினார்: தான் செய்வது எதுவும் தன்னுடையதன்று, பிறர் சொன்னதையே செய்துகொண்டிருக்கிறேன் என்னும் ஆழ்ந்த ஏலாமை. வாழ்க்கையில் வேறெதுவும் தன் கையில் இல்லாதபோது, வாய்க்குள் எது போகலாம் என்பது மட்டுமாவது தன் கையில் இருக்கட்டும் என்று அந்தப் பெண் பற்றிக்கொள்கிறாள்.

யார் இந்தப் பெண்கள்? குறும்புக்காரிகள் அல்லர். வகுப்பில் முதலிடம், கையெழுத்து முத்து முத்தாக, எதிர்த்துப் பேசாத பணிவு, வீட்டுக்கு ஒரு தொல்லையும் தராத பிள்ளை. அம்மையாரிடம் வந்தவர்களில் மிகப் பலர் இத்தகையோர். நாமாக இருந்தால் ஆண்டுவிழா மேடையில் அழைத்து நன்னடத்தைப் பரிசு கொடுத்திருப்போம். உள்ளே, ஒரு நாள் தவறிவிட்டால் எல்லோரும் தன்னை வெறுத்துவிடுவார்கள் என்ற அச்சம் அவளை அரித்துக்கொண்டிருப்பது யாருக்குத் தெரியும்? இளைக்கத் தொடங்கியதும் முதலில் நாலு பேர் பாராட்டவும் செய்கிறார்கள். அந்தப் பாராட்டு எத்தனை பொல்லாதது!

சிகிச்சையில் அம்மையாருக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. உடல் ஓரளவு தேறினால்தான் பேச்சு பயன்படும். பட்டினியே மனத்தைத் திரித்துவிடும். 1944–45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நல்ல உடல்நலமுள்ள 36 இளைஞர்கள் மனமுவந்து ஆறு மாதம் அரைவயிற்று உணவில் இருந்தபோது, அவர்களும் உணவையே கனவு கண்டு, எரிந்து விழுந்து, ஒதுங்கிப் போனார்கள். ஆகவே முதலில் உடலைக் காக்க வேண்டும். ஆனால் எடை ஏறினால் சலுகை, ஏறாவிட்டால் சலுகை பறிப்பு என்ற முறையை அவர் 1974இல் வன்மையாகக் கண்டித்து எழுதினார். தன் கையில் எதுவும் இல்லை என்று நொந்தவளிடம், ஆம், உன் கையில் எதுவும் இல்லை என்று மீண்டும் சொல்வதல்லவா அது! நோயாளியின் மனத்துக்கு மருத்துவரே பொருள் சொல்லிவிடுவதையும் அவர் விரும்பவில்லை. எனக்குத் தெரியாது, நீதான் சொல்ல வேண்டும் என்ற நிலையில் அமர்ந்து கேட்டார். தம் வாழ்வில் முதன்முறையாகத் தம் சொல்லுக்கு மதிப்பிருப்பதை உணர்ந்து தேறியவர்கள் உண்டு.

1964இல் ஹூஸ்டன் நகரத்து பெய்லர் மருத்துவக் கல்லூரியில் உளநோய் மருத்துவப் பேராசிரியரானார். 1973இல் உணவுக் கோளாறுகள் பற்றிய பெருநூல் வெளிவந்தது. 1978இல், பொதுமக்களும் படிக்கும்படி, பொற்கூண்டு என்ற சிறு நூலை எழுதினார். வளமான வீட்டில் தான் தங்கக் கூண்டில் அடைபட்ட சிட்டுக்குருவி போல இருப்பதாக ஒரு நோயாளிப் பெண் சொன்னதிலிருந்து எடுத்த பெயர் அது. பிறர் துன்பத்துக்குப் பெயர் வைக்கும்போதும் அவர்கள் சொல்லையே எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1983இல் கேரன் கார்பென்டர் என்ற புகழ்பெற்ற பாடகி 32ஆம் வயதில் இந்நோயின் விளைவால் இறந்தபோதுதான் பலர் இதன் பெயரையே முதன்முதலில் கேட்டனர். அதற்குள் அம்மையார் பல பத்தாண்டுகளை இதில் செலவிட்டிருந்தார்.

அவர் சொன்னவை எல்லாம் நிலைத்துவிடவில்லை. பழியின் பெரும்பகுதி தாய்மார் தலையில் விழும்படியாக அவர் எழுத்து அமைந்தது. இது நியாயமன்று என்பதே என் கருத்து. பரம்பரைக் கூறும் இந்நோய்க்கு ஒரு காரணம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான முறையில், பெற்றோர் குற்றவாளிகள் அல்லர். பிள்ளையை மீட்கும் முதல் துணைவர்கள். வசதியுள்ள வீட்டுப் பெண்களுக்கே வரும் நோய் என்பதும் மாறிவிட்டது. ஏழை வீடுகளிலும் ஆண்பிள்ளைகளிடமும் இது உண்டு. மனநோய்களுள் அதிக உயிர்களைக் கொள்பவற்றில் இது ஒன்று. விரைவில் மருத்துவரிடம் சேர்ந்தால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. சாப்பாட்டைக் கண்டு பயப்படும் தோழி ஒருத்தி உங்கள் வகுப்பில் இருந்தால், மாணவியரே, கேலி பேசாமல் நம்பிக்கையான ஆசிரியை ஒருவரிடமோ அவள் தாயிடமோ சொல்லுங்கள். அது கோள் சொல்வது ஆகாது.

இறுதி ஆண்டுகளில் அம்மையாரைப் பார்க்கின்சன் நோய் பற்றியது. உடல் ஒத்துழைக்க மறுத்தபோதும், நோயாளிகளோடு நடத்திய உரையாடல்களைத் தொகுக்கும் வேலையை அவர் விடவில்லை. 1984ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஹூஸ்டனில் காலமானார். அவருடன் பணியாற்றிய இருவர் அந்தக் கையெழுத்துப் படியைச் செப்பனிட்டு 1988இல் நூலாக வெளியிட்டார்கள்.